அனக்கம்

தை மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியபோது ஆறுமுகநயினாரிடம் மிச்சமிருந்தது இடதுகால் ஒன்றுதான். வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது. சோறு இறங்கவில்லை, மூக்கு வழியாக விட்ட குழாயில்தான் கஞ்சி. கண்கள் திறந்திருந்தன, ஆனால் அவை எதைப் பார்க்கின்றன என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இடது பாதம் மட்டும் போர்வைக்கு வெளியே கிடந்து, விழித்திருக்கும் நேரமெல்லாம் ஆடிக்கொண்டே இருந்தது.

அந்த ஆட்டம் நோயோடு வந்ததல்ல. சாலைக் கடைத்தெருவில் ஆணியும் கம்பியும் தாழ்ப்பாளும் விற்ற கடையில், நாற்பது வருஷம் மேசைக்கு அடியில் ஆடிய கால் அது. குதிகால் தரையில் ஊன்றியிருக்கும், முன்பாதம் எழுந்து எழுந்து விழும். மேசைமேல் வைத்த பேனா உருளும். "அண்ணாச்சிக்க வண்டி எப்பவும் ஸ்டார்ட்டிலதான் நிக்கும்" என்று கடைக்கு வருகிறவர்கள் கேலி செய்வார்கள். உட்கார்ந்து காலாட்டினால் வீட்டுக்கு ஆகாது என்பது அப்பாவின் கட்சி. சின்ன வயதில் முழங்காலில் பிரம்பால் போடுவார். அடித்த நேரம் நிற்கும். அப்பா அந்தப்பக்கம் திரும்பியதும் மறுபடி தொடங்கும்.

தம்பி சிவதாணு நேர்மாறு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு கல்லூரி நூலகத்தில் முப்பத்தொரு வருஷம் புத்தகப் பட்டியல் எழுதி ஓய்வு பெற்றவர். ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்தால் தாள் திரும்புகிறபோது மட்டுமே அங்கே ஆள் இருப்பது தெரியும். பேச்சில்லாத நேரங்களை அவர் ஒரு சொத்துப்போலக் காத்துவந்தார். ஆரியசாலைச் சந்துக்குள் இருந்த அந்த வீட்டில் முன்னறை அவருடையது. அடுத்த அறையில் இப்போது அண்ணனின் இரும்புக் கட்டில். நடுவில் கதவில்லை, ஒரு திரைதான். கால் ஆடஆடக் கட்டிலின் ஏதோ ஒரு மூட்டு கிறீச்சிட்டது. எண்ணெய் விட்டுப் பார்த்தார். துணி செருகிப் பார்த்தார். ஒருநாள் அடங்கியிருக்கும், மறுநாள் வேறொரு மூட்டில் கேட்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நிறுப்பு. கடையைப் பூட்டியபோது வீட்டுக்கு வந்துசேர்ந்த சாமான்களில் ஆணி நிறுக்கிற எலக்ட்ரானிக் தராசும் ஒன்று, அகலத் தட்டுள்ளது. அதன்மேல் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, எண்ணைப் பூஜ்யமாக்கி, முதலில் சிவதாணு தனியாக உட்காருவார். விழிஞ்ஞத்திலிருந்து வந்துபோகிற ஹோம் நர்ஸ் ரேஷ்மி அதை நோட்டில் குறித்துக்கொள்வாள். பிறகு அவளும் நயினாரின் மனைவி சிவகாமியம்மாளும் சேர்ந்து நயினாரைத் தூக்கிவந்து தம்பியின் மடியில் வைப்பார்கள். நயினாரால் தானாக உட்கார முடியாது, சரிந்துவிடுவார். அதனால் இந்த ஏற்பாடு. அறுபத்தாறு வயது அண்ணனை அறுபத்துமூன்று வயதுத் தம்பி, குழந்தையைப்போல மடியில் சாய்த்து, தலை தொங்காமல் நெற்றியில் கைகொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும். மொத்தத்திலிருந்து தம்பியைக் கழித்தால் அண்ணன்.

"அங்கிளே, ஒரு மினிட் கால நிறுத்தணே. நம்பர் நிக்கல்ல" என்பாள் ரேஷ்மி ஒவ்வொரு வாரமும்.

கால் நிற்காது. கடைசி எண் துடித்துக்கொண்டே இருக்கும். அவள் நடுவாக ஒன்றைப் பார்த்து எழுதிக்கொள்வாள்.

தை மாதம் நாற்பத்தேழு கிலோ. சித்திரை முடிகிறபோது நாற்பத்தொன்றரைக்கும் கீழே. நாற்பதுக்கு இறங்கவிடக் கூடாது, இறங்கினால் ஒரு சளி வந்தாலும் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சிவகாமியம்மாளுக்குப் பிள்ளைகள் கிடையாது. அவளுக்கு இருந்தது இந்த மனிதர்தான். நோட்டில் எண் இறங்குவதைப் பார்த்துவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவாள்.

சிவதாணு ஆஸ்பத்திரிக்குப் போய் சபீனாவைப் பார்த்தார். நோயாளிகளுக்கு உணவு அளந்து எழுதித் தருகிற பெண்.

"கஞ்சி அளவெல்லாம் சரியாத்தான் போகுது அங்கிள். அப்புறம் எங்க போகுது?" அவள் நோட்டைப் புரட்டினாள். "கால் ஆட்டுவாரா?"

"எப்பவும்."

"எப்பவும்னா?"

"கண்ணு முழிச்சிருக்க நேரம் பூரா."

சபீனா பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "சும்மா இருந்து காலாட்டுறதுல என்ன போயிரப் போவுதுன்னு தோணும், இல்லையா? மணிக்குப் பத்துப் பதினஞ்சு கலோரி போகும். சாதாரண ஆளுக்கு அது நல்லதுதான். சிலபேர் எவ்வளவு தின்னாலும் உடம்பு வைக்காதே, அதுல ஒரு பங்கு இந்த மாதிரி ஆட்டம்தான். விரல் தட்டுறது, கால் ஆட்டுறது, நாற்காலியில நெளியறது. ஆனா உங்க அண்ணனுக்குப் பதினாறு மணி நேரம். பதினஞ்சு வெச்சா இருநூத்தி நாப்பது. ஒரு நாளைக்கு ரெண்டு வேளைக் கஞ்சி அந்தக் கால் வழியாப் போயிட்டிருக்கு."

"நிறுத்தினா?"

"நிறுத்த நினைக்காதீங்க அங்கிள். அவராச் செய்யறது அது ஒண்ணுதானே. ஆறு வேளைக் கஞ்சிய எட்டாக்குங்க, கொஞ்சங் கொஞ்சமா. எழுதிக்கிடுங்க."

சிவதாணு எழுதினார். 240 என்று எழுதி, அதன் கீழே 'நிறுத்தினால்' என்று எழுதினார். எட்டு வேளை என்பதை எழுதவில்லை, நினைவிருக்கும் என்று விட்டுவிட்டார். தம்பானூரில் பஸ் இறங்கி நடந்து வீட்டுக்கு வருவதற்குள், இரண்டு வேளைக் கஞ்சி கால் வழியாகப் போகிறது என்ற பாதி மட்டும் அவரிடம் தங்கியிருந்தது. மைனி சிவகாமியம்மாளிடமும் அந்தப் பாதியைத்தான் சொன்னார்.

வைகாசியில் ஒரு மத்தியானம். மழை பிடித்துக்கொண்டது. சிவகாமியம்மாள் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போயிருந்தாள். ரேஷ்மி பின்கட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சிவதாணு ஒரே வரியை நான்காம் தடவை வாசித்தார். கிறீச், கிறீச். புத்தகத்தை மூடிவிட்டுத் திரையை விலக்கி உள்ளே போனார்.

பாதத்தைக் கையால் பிடித்தார். சூடாக இருந்தது. உடம்பில் வேறெங்கும் இல்லாத சூடு. பிடித்திருக்கும்வரை நின்றது, விட்டதும் தொடங்கியது. மறுபடி பிடித்தார். உள்ளங்கைக்குள் அது ஒரு கோழிக்குஞ்சுபோலத் திமிறியது. புண் கட்டுகிற துணிச்சுருள் தலைமாட்டில் இருந்தது. ஒரு முழம் கிழித்தார். இரண்டு கால் பெருவிரல்களையும் சேர்த்து வைத்து, இடையில் குறுக்காகக் கொடுத்துச் சுற்றி, அடியில் முடிச்சுப் போட்டார்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அந்தக் கட்டைப் போட்டது அவர்தான். தாடைக்கு அண்ணன் கட்டினார், விரலுக்குத் தம்பி. கை பழகியிருந்ததால் ஒரு தடுமாற்றமும் இல்லை. முடித்து நிமிர்ந்தபோதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. கட்டிலில் இரண்டு பாதங்களும் ஜோடியாக, கூரையைப் பார்த்து நின்றன.

உடனே அவிழ்த்திருக்கலாம். கொஞ்ச நேரம்தானே என்று நினைத்தார். திரையை இழுத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வீட்டில் மழைச் சத்தம் மட்டும் இருந்தது. நாற்பது பக்கம் வாசித்தார். பல மாதங்களுக்குப் பிறகு அப்படியொரு வாசிப்பு. நடுவில் ஒருமுறை தனக்குள் ஏதோ வந்து அமர்ந்தாற்போலத் தோன்றியது. கதையின் சுகம் என்று எடுத்துக்கொண்டார்.

சிவகாமியம்மாள் நனைந்த குடையை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் வரவில்லை. சிவதாணு எழுந்து போனபோது அவள் கால்மாட்டில் நின்றிருந்தாள்.

"ஆரு கெட்டினது?"

"அந்தக் கலோரி... சபீனா சொன்னால்லா மைனி..."

"உசிரோட கெடக்க மனுசனுக்கு விரலக் கெட்டினியளா தம்பி."

குரல் உயரவில்லை. முடிச்சை நகத்தால் நெம்பிப் பார்த்தாள். வரவில்லை. கத்தரிக்கோலால் வெட்டினாள். துணி போன இடத்தில் சிவப்பாக ஒரு கோடு இருந்தது. இருவரும் காத்திருந்தார்கள். ரேஷ்மி வந்து, விஷயம் விளங்காமல், அவளும் நின்றாள். விளக்கு வைக்கிற நேரம் ஆயிற்று. பாதம் அனங்கவில்லை, விரல்கூட அசையவில்லை.

அன்றைக்கும் இல்லை, மறுநாளும் இல்லை. டாக்டர் வந்து ஊசியால் உள்ளங்காலைக் கீறிப் பார்த்தார். இந்த நோயில் இப்படி ஆவது உண்டு, எடை ஏறினால் நல்லதுதான் என்றார்.

எடை ஏறியது. அந்த ஞாயிற்றுக்கிழமை அரைக்கிலோ. அடுத்த வாரம் இன்னும் அரை. கன்னக்குழி நிறைந்தது. நெஞ்செலும்புகளின்மேல் தசை மூடியது. ரேஷ்மிக்குச் சந்தோஷம். "அங்கிள் இப்போ சுந்தரன் ஆயி" என்று தலை சீவிவிட்டாள். சிவதாணு மட்டும் அந்த முகத்தை அதிக நேரம் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டார். உடம்பு நிறைந்துகொண்டிருந்தது. ஆனால் நாற்பத்தொரு கிலோவில் அந்தக் கட்டிலில் ஒருவர் படுத்திருந்தார் என்ற எண்ணம் வந்ததே, இப்போது அது வரவில்லை. கிறீச்சொலி இல்லாத வீட்டில் அவருக்கு வாசிக்கவும் ஓடவில்லை.

ஆனி மாதத் தொடக்கத்தில் ஒரு காலை, மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளரைப் பார்த்தார். தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை எழும்பி விளிம்பில் முட்டிக்கொண்டிருந்தது. லாரி போகிறதோ என்று பார்த்தார். அந்தச் சந்துக்குள் லாரி வராது. அலை நிற்கவில்லை. மேசை விளிம்பைத் தொட்டார், நடுக்கம் விரலில் ஏறியது. மெல்லக் குனிந்து அடியில் பார்த்தார். செருப்பணிந்த ஒரு இடதுகால், குதிகாலை ஊன்றி முன்பாதத்தை எழுப்பி எழுப்பிப் போட்டுக்கொண்டிருந்தது.

அது தன் கால் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

கையால் அழுத்திப் பிடித்தார். நின்றது. எடுத்தார், தொடங்கியது. செருப்பைக் கழற்றித் தொட்டுப் பார்த்தார். வலதுகால் எப்போதும்போலக் குளிர்ந்திருந்தது. இடதுகால் சூடாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒளித்துத்தான் வைத்தார். மேசைக்கு அடியில் ஒரு அரிசிச் சாக்கை விரித்தார், சத்தம் கேட்காமலிருக்க. நடக்கிறபோது இல்லை, தூக்கத்தில் இல்லை. உட்கார்ந்தால் வந்துவிடும். பல்லைக் கடித்து அடக்கினால் ஒரு பத்து நிமிஷம் அடங்கும். ஆனால் அந்தப் பத்து நிமிஷத்துக்குள் வேர்த்து ஒழுகி, கல் சுமந்தவர்போல ஆகிவிடுவார். பசி வந்தது. நாள் முழுக்கப் பசி. வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவியது. ரத்தம் எடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள், தைராய்டு சரி, சர்க்கரை சரி. "எல்லாம் நார்மல் அங்கிள். நீங்களும் காலாட்டத் தொடங்கிட்டீங்களா?" என்று சபீனா மேசைக்குக் கீழே பார்த்துச் சிரித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நயினாரை மடியிலிருந்து எடுத்துக் கட்டிலில் விட்ட பிறகு, ரேஷ்மி நோட்டைத் தூக்கிக்கொண்டு சிவதாணுவிடம் வந்தாள்.

"சாரே, இது கண்டோ? மொத்தம் எல்லா வாரமும் ஒண்ணுதான். நூத்திமூணு பாயின்ட் நாலு. கண்டோ, கண்டோ, இதும் அதுதான்."

"தராசு பழசு."

"பழசுன்னா தனியா நிறுக்கும்போ மாறுதே. சார் அறுபத்திரெண்டு இருந்ததாக்கும், இப்போ அம்பத்தொம்பது. அங்கிள் நாப்பத்தொண்ணரை இல்லாம இருந்தது, இப்போ நாப்பத்திநாலு தாண்டி." அவள் சிரித்தாள். "சாருக்க சோறெல்லாம் அங்கிளுக்கா ஏறுது?"

சிவதாணு சிரிக்கவில்லை. அன்று நோட்டை வாங்கி வைத்து, விரல் கட்டிய வாரத்திலிருந்து ஒவ்வொரு வரியாகக் கூட்டிப் பார்த்தார். ஒரு கிராம் கூடக் கூடவோ குறையவோ இல்லை.

மைனியின் சமையல் மாறியிருந்ததை அவர் அதன் பிறகுதான் கவனித்தார். சிவதாணுவுக்குப் பாவக்காய் ஆகாது. நாற்பது வருஷமாக அவருக்கென்று தனியாக ஒரு பொரியல் வைப்பாள். இப்போது நாள் தவறாமல் பாவக்காய்த் தீயல் குழம்பு வந்தது. அவர் மூன்று கரண்டி வாங்கிச் சாப்பிட்டதை, சாப்பிட்ட பிறகே உணர்ந்தார்.

ஒரு மத்தியானம் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். தூங்கவில்லை. சிவகாமியம்மாள் முருங்கைக்கீரைக் கட்டோடு வந்து, அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து உருவத் தொடங்கினாள். கட்டிலறையில் ரேஷ்மி இருந்தாள். அங்கே போகாமல் மைனி ஏன் இங்கே வந்து உட்காருகிறாள் என்று நினைத்தார்.

"தீயல் இன்னைக்குக் கொஞ்சம் கசந்துட்டோ?" என்றாள்.

தன்னைத்தான் கேட்கிறாள் என்று பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கால் வேகமாக இரண்டு தட்டுத் தட்டியது.

அவள் மெல்லச் சிரித்தாள். "கசப்புப் பிடிக்கும், தெரியும். வெல்லம் போடல்ல." கீரை உருவுகிற சத்தம். "பெயின்டுக் கடை லிங்கராஜ் வந்து விசாரிச்சுட்டுப் போனாரு. கடைய ஆருக்காவது விடுதியளான்னு கேட்டாரு. நான் ஒண்ணும் சொல்லல்ல."

கால் தாமதித்தது. பிறகு மிக மெதுவாக, யோசிப்பதுபோல, ஒரு தட்டு.

"ஆமா, அவனுக்குக் குடுக்கண்டாம்" என்றாள் அவள்.

சிவதாணுவுக்குக் கண்ணைத் திறக்கத் துணிவு வரவில்லை. பேச்சு தொடர்ந்தது, கேஸ் சிலிண்டர், மாடிக் குழாய் ஒழுகுவது, யார் வீட்டுக் கல்யாணமோ. இடைக்கிடையே அவள் நிறுத்துவாள். கால் சொல்லும். அவள் மேலே போவாள். தன் உடம்பைச் சுவராக வைத்து அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் இரண்டுபேர் குடும்பம் நடத்துவதுபோல இருந்தது. கீரை முடிந்து அவள் எழுந்தபோதுதான் கண்ணைத் திறந்தார்.

"மைனி, உங்களுக்குத் தெரியுமா?"

அவள் முறத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள். "நாப்பது வருசம் அந்தக் காலுக்குப் பக்கத்துல படுத்தவ தம்பி நான். எனக்குத் தெரியாதா?"

"அப்ப அங்க கெடக்கது?"

"அது உடம்பு. தொடைக்கணும், திருப்பிப் போடணும். ஒரு கொறையும் வைக்கல்லியே."

அவள் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "அங்க விட்டா ரெண்டு மாசத்துல போயிருவாரு. அந்தக் கொழாய்ல எவ்வளவு ஊத்த முடியும்? உங்களுக்கு வாய் இருக்கு, பல்லு இருக்கு. இங்க இருந்தா நான் ஆக்கிப்போட்டுக் காப்பாத்திக்கிடுவேன். வெச்சுக்கிடுங்கோ தம்பி."

"நான் கரைஞ்சிட்டு வாறேன் மைனி."

அவள் அவருடைய தோளெலும்பைப் பார்த்தாள், மணிக்கட்டைப் பார்த்தாள். "ராத்திரிக்கு ரெண்டு முட்டை கூட வேவிச்சு வைக்கேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அந்த வார நிறுப்பில் நயினார் நாற்பத்தாறைத் தாண்டினார். தம்பி ஐம்பத்தேழே சொச்சம். மடியில் வைத்தபோது சிவதாணுவின் தொடை வலித்தது. எதிரே இரும்பு அலமாரியின் கண்ணாடியில் இருவரும் தெரிந்தார்கள். மேலே நிறைந்த முகம், அதன் தோளுக்குப் பின்னால் ஒட்டிய முகம். அண்ணனின் கண்கள் ஒரே இடத்தில் நின்றிருப்பதை அவர் அப்போதுதான் கண்டார். எங்கும் பார்க்காத கண்கள் என்றுதான் இத்தனை நாள் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவை தாழ்ந்து, தம்பியின் ஆடுகிற காலைப் பார்த்துக்கொண்டிருந்தன. சாவி தொலைந்து, தன் வீட்டுத் தெருவில் நின்று, உள்ளே விளக்கெரிவதைப் பார்க்கிறவரின் பார்வை. உள்ளே வேறு யாரோ குடியிருக்கிறார்கள், கூப்பிட வாயில்லை.

அந்த வாரம் முழுக்க சிவதாணு தனக்குள் பேசிக்கொண்டார். திருப்பிக் கொடுத்தால் எடை இறங்கும். இறங்கினால் நாற்பது. நாற்பதுக்குக் கீழே என்ன என்று எல்லோருக்கும் தெரியும். வைத்துக்கொண்டால் கட்டிலில் ஒரு உடம்பு வளர்ந்துகொண்டே போகும், நாற்காலியில் ஒன்று தேய்ந்துகொண்டே வரும், மைனி நடுவில் உட்கார்ந்து கீரை உருவிக்கொண்டிருப்பாள். தேய்வதைக்கூட அவர் ஒருவழியாக ஒத்துக்கொண்டார். ஒருவிதத்தில் அது நியாயம் என்றும் பட்டது. அந்தக் கண்களைத்தான் தாண்டிப் போக முடியவில்லை.

ஞாயிறு காலை. அடுக்களையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. நயினாரைத் தூக்கி வைக்க மட்டும் வந்துவிட்டு மைனி திரும்பிப் போனாள். ரேஷ்மி நோட்டோடு தராசுக்கு முன்னால் குத்தவைத்தாள்.

"சாரே, அனங்காம இருங்க. நம்பர் நிக்கல்ல."

சிவதாணு செருப்பை முன்பே கழற்றியிருந்தார். ஆடுகிற இடதுபாதத்தை நகர்த்தி, அண்ணனின் தொங்குகிற இடதுபாதத்தின் கீழே கொண்டுவந்தார். அண்ணனின் உள்ளங்கால் தம்பியின் புறங்காலில் படிந்தது. குளிர்ந்த, மெத்தென்ற, பயன்படாத கால். அவர் தலையைச் சாய்த்து அண்ணனின் காதருகே வைத்தார்.

"எடுத்துக்கிடுங்க அண்ணே. நான் தெரியாமக் கெட்டல்ல. தெரிஞ்சுதான் கெட்டினேன். எனக்கு வாசிக்கணும்னு இருந்தது."

கால் நின்றது.

ரேஷ்மி நிமிர்ந்து, "ஆ, நின்னு. நூத்திமூணு பாயின்ட் நாலு" என்று எழுதினாள். சிவப்பு எண்கள் அசையாமல் நின்றன. சிவதாணு கண்ணாடியைப் பார்த்தார். அண்ணனின் கண்கள் மூடியிருந்தன. இங்கும் இல்லை, அங்கும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ விட்டுவிட்டோம் என்ற எண்ணம் வந்தது. மிக்ஸி நின்றது. ரேஷ்மி அங்கிளைத் தூக்க எழுந்து நின்றாள். அவர் கையைக் காட்டி இருக்கச் சொன்னார். ஒரு ஆட்டோ சந்து முனையில் திரும்பிப் போகிற சத்தம் கேட்டது. அதுவும் தேய்ந்து போனது.

தராசின் கடைசி எண் நாலிலிருந்து ஐந்துக்குப் போய் மூன்றுக்கு வந்தது.

"சாரே, அனங்காதீங்க."

"நான் அனங்கல்ல ரேஷ்மி."

அவள் எட்டிப் பார்த்தாள். தம்பியின் புறங்காலின்மேல் அண்ணனின் பாதம், முதலில் தடுமாறி, பிறகு சீராக, தட்டிக்கொண்டிருந்தது. ரேஷ்மி சிலுவை போட்டுக்கொண்டாள். சிவதாணு கண்ணாடியைப் பார்த்தார். கண்கள் திறந்திருந்தன, ஈரமாக இருந்தன. அவை இப்போது கண்ணாடி வழியாகத் தம்பியின் முகத்தைப் பார்த்தன. அதில் நன்றி இல்லை, கோபமும் இல்லை. நெடுநேரம் தண்ணீருக்குள் இருந்து தலையை வெளியே எடுத்தவரின் பார்வை.

சிவகாமியம்மாள் ஈரக்கையோடு வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. தரையில் உட்கார்ந்து அந்தப் பாதத்தை இரு கைகளாலும் பிடித்தாள். கைகளுக்குள் அது ஆடியது.

"நல்லா சாப்பிட்டுட்டு இருந்தாரு தம்பி" என்றாள். தலை நிமிரவில்லை. "உங்ககிட்ட நல்லா இருந்தாரு."

"எட்டு வேளை குடுக்கச் சொன்னா மைனி, அந்த சபீனாப் பிள்ளை. நிறுத்தண்டாம், எட்டு வேளை குடுங்கன்னு அன்னைக்கே சொன்னா. நான் உங்ககிட்டச் சொல்லல்ல."

அவள் பாதத்தை விட்டுவிட்டு எழுந்தாள். பிறகு ரேஷ்மியிடம், "அளவுக் கிளாஸ் கழுவி வெச்சிருக்கியா மக்ளே?" என்று கேட்டாள்.

ஆடியில் எட்டு வேளை தொடங்கியது. விடியற்காலையில் ஒன்று, விளக்கு வைத்த பிறகு இரண்டு என்று மைனி நேரத்தைப் பிரித்துக்கொண்டாள். நெஞ்சில் ஏறிவிடாமல், சொட்டுச் சொட்டாக, ஒவ்வொரு வேளைக்கும் முக்கால் மணி நேரம் குழாயைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். அப்போது பேசுவாள். சிவதாணு கேட்காதவர்போல முன்னறையில் இருப்பார். எடை இறங்கத்தான் செய்தது. ஒரு வாரம் இருநூறு, ஒரு வாரம் முந்நூறு. முன்போல அல்ல, ஆனாலும் இறங்கியது. நோட்டில் நாற்பத்தைந்து என்று வந்த அன்று ரேஷ்மி அதைச் சத்தமாகப் படிக்கவில்லை. மொத்தம் இப்போது ஒவ்வொரு வாரமும் வேறாக இருந்தது.

சிவதாணுவுக்குச் சதை பிடித்தது. பாவக்காய் கசந்தது. உட்கார்ந்தால் கால் அசையவில்லை. ஆள் இல்லாத நேரம் ஒன்றிரண்டு தடவை வேண்டுமென்றே ஆட்டிப் பார்த்தார். பத்து எண்ணுவதற்குள் அலுத்துப்போய் நின்றுவிட்டது. வெறும் கால்.

கட்டில் கிறீச்சிட்டது. அவர் அதற்கு எண்ணெய் விடவில்லை. அந்தச் சத்தத்துக்குள்ளேயே வாசிக்கக் கற்றுக்கொண்டார். வாசிக்கிறார் என்று சொல்வதைவிட, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று சொல்ல வேண்டும்.

ஆவணியில் ஒரு முற்பகல். ரேஷ்மி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மைனி அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். திரைக்குப் பின்னால் சத்தம் நின்றது.

துருவுகிற ஒலி நின்றது. கொடியில் உதறிய துணி பாதியில் நின்றது. சிவதாணு தாளைத் திருப்பப்போன விரலை அப்படியே வைத்திருந்தார். அவர் எண்ணவில்லை. எண்ணினால் ஒரு எண்ணுக்குப் பிறகு எழுந்து போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். மூன்று பேரும் வீட்டின் மூன்று மூலைகளில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சுவர்க்கடிகாரம் மட்டும் ஓடியது.

கிறீச்.

சற்று நேரம் தள்ளி, இன்னொன்று.

அடுக்களையில் துருவல் மறுபடி தொடங்கியது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. சிவதாணு குனிந்து பார்த்தபோது, தான் நாற்காலியில் இல்லாமல், திரையை ஒரு கையால் பற்றி எழுந்து நின்றிருப்பதைக் கண்டார்.